செருப்புக்குள்ளே பார்த்தீங்களா, அப்பத்தா?

சர்க்கரை நோயாளிகள் தங்களைத் தாங்களே எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதை அளக்க, உலகம் முழுக்கப் புழங்கும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெபோரா டூபர்ட்டும் சகாக்களும் 2000-ல் திருத்தி வெளியிட்டது. எஸ்.டி.எஸ்.சி.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். கடந்த 7 நாளில் எத்தனை நாள் இதைச் செய்தீர்கள், எத்தனை நாள் அதைச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகும். சாப்பாடு, உடற்பயிற்சி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து பாதத்துக்கு வரும்போது ஒரு கேள்வி: எத்தனை நாள் உங்கள் ஷூவின் உள்பக்கத்தைச் சோதித்துப் பார்த்தீர்கள்?

இதை ஆலங்குடிப் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஓர் அப்பத்தாவிடம் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கிடப்பது ரப்பர் செருப்பு. அதற்கு மேல்பக்கம் உண்டு, அடிப்பக்கம் உண்டு, உள்பக்கம் எங்கே இருக்கிறது? அப்பத்தா செருப்பைப் பார்ப்பார், கேட்டவரைப் பார்ப்பார், கடைசியில் பேரனைப் பார்ப்பார். "இந்தப் புள்ள என்னமோ கேக்குதே, என்னடா அது?" உண்மையைச் சொன்னால் பதில் பூஜ்யம். ஆனால் அதே அப்பத்தா தினமும் படுக்கப் போகுமுன் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கருவேல முள் ஏறியிருக்கிறதா என்று உள்ளங்காலைத் தடவிப் பார்க்கிறவராக இருக்கலாம். அந்த ஒரு கேள்விக்கு அவருக்குப் பூஜ்யம் விழுந்தால், தப்பு யாருடையது?

இந்த இடத்தில்தான் எனக்கு உற்சாகம் தலைக்கேறுகிறது. ஆஸ்பத்திரியில் நீட்டப்படும் ஒரு கேள்வித்தாளைப் பார்த்தால் எவ்வளவு சாதுவாக இருக்கிறது! நாலு பக்கம், கட்டம் கட்டமாக, டிக் அடிக்க இடம். அதற்குப் பின்னால் நடக்கும் கூத்து வெளியே தெரிவதில்லை. நம்மைக் கேள்வி கேட்கும் முன் அந்தத் தாளே ஏகப்பட்ட பரீட்சை எழுதித் தேறியாக வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் அதை 'வாலிடேஷன்' என்பார்கள். சும்மா ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள், மாதக்கணக்கான வேலை.

எதற்கு இவ்வளவு பாடு? தமிழ்நாட்டு அரசின் 2020 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பு ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதத்தினருக்கு. சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கு. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இப்போது சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசலைத் தாண்டி உள்ளே போனபின் அந்த மாத்திரை என்ன ஆகிறது? தொண்டைக்குள் போகிறதா, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலேயே கிடக்கிறதா? உப்பு குறைந்ததா? தலை சுற்றினால் என்ன செய்கிறார்கள்? அதைக் கணக்குப் போடத்தான் இந்தக் கேள்வித்தாள்கள்.

சுயபராமரிப்பு என்ற இந்தச் சிந்தனையின் மூலவர் ஒரு நர்ஸ். டோரத்தியா ஓரம், 1914-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். நோயாளி என்பவர் படுத்துக்கிடந்து சிகிச்சையை வாங்கிக்கொள்பவர் மட்டுமல்ல, தன்னைக் கவனித்துக்கொள்ளும் திறன் அவரிடமே இருக்கிறது, அந்தத் திறன் எங்கே குறைகிறதோ அங்கேதான் நர்ஸ் தேவை என்று 1971-ல் புத்தகம் எழுதினார். திறன் என்று ஒன்று இருந்தால் அதை அளக்காமல் விடுவார்களா? 1979-லேயே 43 கேள்விகளோடு ஓர் அளவுகோல் வந்துவிட்டது. பிறகு 24 கேள்விகளில் ஒன்று. இந்த நூற்றாண்டில் பார்பரா ரீகல், டைனி யார்ஸ்மா, அன்னா ஸ்ட்ரோம்பெர்க் மூவரும் சேர்ந்து எந்த நீண்டநாள் நோய்க்கும் பொருந்துகிற கோட்பாட்டை 2012-ல் வகுத்து, 2018-ல் 20 கேள்விகளைக் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். அது மூன்று அடுக்கு: உடம்பை நிலையாக வைத்துக்கொள்வது, மாற்றத்தைக் கவனிப்பது, கோளாறு தெரிந்தால் ஏதாவது செய்வது. எனக்குப் பிடித்தது மூன்றாவது அடுக்கு. கடைசியாக உடம்புக்கு முடியாமல் போனபோது அது நோயின் அறிகுறி என்று எவ்வளவு சீக்கிரம் புரிந்தது என்று கேட்கிறது. நாள் முழுக்க வெயிலில் நாற்று நட்டவருக்கு மயக்கம் வந்தால், அது வெயிலா, சுகர் இறங்கியதா, வெறும் பசியா? பெரிய டாக்டரே யோசித்துத்தான் சொல்லுவார்.

சரி, இப்படி ஒரு தாளைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். என்னென்ன நடக்கும்?

முதலில் அனுமதிக் கடிதம். கேள்வித்தாளுக்கும் சொந்தக்காரர் உண்டு. அது வந்ததும் மொழிபெயர்ப்பு. இதற்கு 2000-ல் டார்காஸ் பீட்டனும் சகாக்களும் எழுதிய வழிமுறையைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். ஒருவர் மருத்துவம் தெரிந்தவர், இன்னொருவர் அதன் வாடையே தெரியாதவர். இரண்டையும் உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும். அப்புறம் மூலத்தைக் கண்ணாலேயே பார்த்திராத வேறு இருவர் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போன உருவமும் திரும்பி வந்த உருவமும் ஒத்துப்போகிறதா என்று ஒரு குழு பார்க்கும். குழுவில் சண்டை நடக்காவிட்டால் வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று அர்த்தம்.

சண்டைக்குத் தீனி நிறைய இருக்கிறது. ரீகலின் தாள், டாக்டரிடம் வாங்கிய நேரத்தைத் தவறவிடாமல் போகிறீர்களா என்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரம் யார் கொடுக்கிறார்கள்? காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டியதுதான். எனவே கேள்வி, மாத்திரை தீருமுன் போய் வாங்கிவிடுகிறீர்களா என்று உருமாற வேண்டியிருக்கும். நோய் தொற்றாமல் பார்த்துக்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கு உதாரணமாக அங்கே ஃப்ளூ தடுப்பூசியைச் சொல்லியிருக்கிறார்கள். நம்மூரில் அதைப் போட்டுக்கொண்டவர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆராய்ச்சியே முடிந்துவிடும். உதாரணத்தில் பாதியை வெட்டிவிட்டுக் கை கழுவுவதை மட்டும் வைத்தால் அது அதே கேள்விதானா? இங்கேதான் குழுவில் டீ ஆறிப்போகும்.

அடுத்தது நிபுணர் சுற்று. ஆறு பேரிடம் தாளைக் கொடுத்து ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு பொருத்தம் என்று 4-க்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். 3 அல்லது 4 போட்டால் தேர்ச்சி. ஆறில் ஐந்து பேர் தேர்ச்சி கொடுத்தால் 0.83, கேள்வி பிழைத்தது. நான்கு பேர்தான் என்றால் 0.67, வெளியே போ! 1986-ல் மேரி லின் என்ற நர்சிங் ஆய்வாளர் போட்ட 0.78 கோடுதான் இன்னமும் பல இடங்களில் வாசற்படி. ஐந்து பேரோ அதற்குக் குறைவோ இருந்தால் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டாக வேண்டும். என் சந்தேகம் ஒன்றுதான். ஆறு நாற்காலியும் பேராசிரியர்களுக்கே போய்விடுகின்றன. வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிற தன்னார்வலர் அக்கா ஒருவரை உட்கார வைத்தால், ஷூ கேள்வி முதல் நிமிடத்திலேயே செத்திருக்கும்.

இப்போது கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒரு வேடிக்கை. பதில்களுக்கான படிகள் இருக்கின்றனவே, ஒருபோதும் இல்லை என்பதில் தொடங்கி எப்போதும் என்பதில் முடிவது, அவை எங்கிருந்து வருகின்றன? உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளை ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளுக்கு அனுப்பாமல், 15 மையங்களில் ஒரே சமயத்தில் உருவாக்கியது. அந்த 15-ல் சென்னையும் ஒன்று. அங்கே கையாண்ட உத்தியைப் படித்தபோது துள்ளிக் குதித்தேன். 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றைப் போட்டார்கள். ஒரு முனை சுத்தமாக இல்லை, மறு முனை முழுக்க முழுக்க. நடுவில் வரக்கூடிய உள்ளூர்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சாதாரண ஜனங்களிடம் கொடுத்து, இந்தச் சொல் கோட்டில் எங்கே உட்காரும் என்று குறிக்கச் சொன்னார்கள். இரண்டரை சென்டிமீட்டரிலும் ஐந்திலும் ஏழரையிலும் எந்தச் சொல் வந்து விழுகிறதோ அதுவே அந்த ஊர்க் கேள்வித்தாளின் படி. சொல்லுக்கு அகராதி பார்க்கவில்லை, ஸ்கேல் வைத்து அளந்தார்கள்! 'ஓரளவு', 'பரவாயில்லை', 'ஏதோ' ஆகிய மூன்றையும் கீரனூர் சந்தையில் நான்கு பேரிடம் கொடுத்து இந்தக் கோட்டில் வைக்கச் சொன்னால் எங்கெங்கே வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. 'ஏதோ' கோட்டை விட்டே இறங்கிப் போய்விடும் என்பது என் பந்தயம்.

அதற்கப்புறம் களம். பீட்டன் முறைப்படி 30 முதல் 40 பேரிடம் முதல் ஒத்திகை. பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. கேள்வியைக் கேட்டபோது மனதில் என்ன ஓடியது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். எஸ்.டி.எஸ்.சி.ஏ. தாளில் உடற்பயிற்சிக்கு இரண்டு கேள்விகள். முதலாவது, குறைந்தது 30 நிமிடம் நடை உட்பட உடலுழைப்பில் ஈடுபட்ட நாட்கள். இரண்டாவது, வீட்டு வேலையும் பிழைப்பு வேலையும் போகத் தனியாக உடற்பயிற்சி செய்த நாட்கள். இந்த இரண்டாவதை நூறு நாள் வேலைக்குப் போய் மண்வெட்டி பிடித்துவிட்டு வந்த அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். "வாக்கிங்கா? கம்மாக்கரைக்கும் வீட்டுக்கும் நடந்தே வந்து காலு கழலுது தாயி, இதுக்கு மேல என்ன வாக்கிங்?" தாளில் விழுவது பூஜ்யம். பார்க்கில் சுற்றி வருகிறவருக்கு ஏழுக்கு ஏழு.

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கம் போனால் வேறு கதை. அங்கே வாரம் என்பது கடலுக்குப் போகும் நாள், போகாத நாள் என்றுதான் பிரியும். விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பங்கிட்டுக்கொண்டு போகிறவை. கடந்த 7 நாளில் எத்தனை நாள் நேரத்துக்குச் சாப்பிட்டீர்கள் என்றால் கரையில் இருந்த நாளுக்கு ஒரு பதில், படகில் இருந்த நாளுக்கு ஒரு பதில். இன்சுலின் போடுகிறவர் என்றால் இன்னொரு சிக்கல். படகில் ஐஸ் நிறைய இருக்கிறது என்று அதற்குள்ளேயே மருந்துக் குப்பியைச் செருகினால் உறைந்து வீணாகிவிடும். இன்சுலினுக்குக் குளிர்ச்சி வேண்டும், உறையக் கூடாது. இந்தக் கடற்கரைக்கென ஒரு சுயபராமரிப்புத் தாள் எழுதினால் அந்தக் கேள்விதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் யாருக்கு இது தோன்றியிருக்கும்?

தாளை யார் படிப்பது என்பதும் இருக்கிறது. இந்த இடத்தில் புதுக்கோட்டைக்கு மட்டுமே உரிய ஒரு சமாச்சாரம். 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இங்கே அறிவொளி இயக்கம் பற்றிப் படர்ந்தது. கல்குவாரிப் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் சாயங்காலம் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள், கையோடு சைக்கிளும் கற்றார்கள். ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அப்போது முப்பது வயதில் 'அ' எழுதியவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். சுகரும் பிரஷரும் வந்து உட்காருகிற வயது! மாத்திரை அட்டையில் பெயரை எழுத்துக்கூட்டத் தெரிந்த பெண்கள், ஆனால் ஐந்து கட்டத்தில் ஒன்றைத் தேர்ந்து டிக் அடி என்றால் மலைப்பவர்கள். படித்தவர், படிக்காதவர் என்று இரண்டாகப் பிரிக்கிற ஆராய்ச்சிப் படிவத்தில் இவர்களை எங்கே போடுவது?

நானாக இருந்தால் கட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏழு புளியங்கொட்டையைக் கொடுப்பேன். மாத்திரை போட்ட நாளுக்கு ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் தள்ளுங்கள் அக்கா. பல்லாங்குழி ஆடிய கைக்குக் கணக்குத் தப்பாது. ஆனால் புளியங்கொட்டையும் தாளில் டிக் அடிப்பதும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று அதற்குத் தனியாக ஒரு வாலிடேஷன் செய்யச் சொல்வார்கள். சொல்லட்டுமே, செய்துவிட்டால் போச்சு.

யார் கேட்கிறார் என்பதிலும் விஷயம் இருக்கிறது. மாத்திரை கொண்டுவருகிற அக்காவே வந்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றால் யார் இல்லை என்பார்? "அதெல்லாம் போட்டுருவேன் தாயி" என்று ஊரே முழு மதிப்பெண் வாங்கும். எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கினால் அந்தக் கேள்வி எதையும் அளக்கவில்லை. அதனால்தான் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. இரண்டும் ஓரளவு ஒத்துப்போனால் போதும். அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும். சர்க்கரை ஏறுவதற்கு மருந்தின் அளவு, நோயின் வயது, பரம்பரை என்று எவ்வளவோ காரணம் இருக்கிறதே.

இனிக் கணினி அறை. 20 கேள்விக்கு ஒன்றுக்குப் பத்துப் பேர் என்று தோராயமாக 200 பேரின் பதில்கள் உள்ளே போகின்றன. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப் பாடுகின்றனவா என்று பார்க்க எல்லோரும் கை வைப்பது க்ரோன்பாக் ஆல்ஃபா. லீ க்ரோன்பாக் 1951-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பிரபலமானது. 0.7 தாண்டினால் முகத்தில் சிரிப்பு. ஆனால் இதில் ஒரு தில்லுமுல்லுக்கு இடமிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவீர்களா, தவறாமல் சாப்பிடுவீர்களா, விடாமல் சாப்பிடுவீர்களா என்று ஒரே கேள்வியை மூன்று வேஷத்தில் கேட்டால் ஆல்ஃபா ஜிவ்வென்று ஏறிவிடும். 0.95 வந்தால் கைதட்டக் கூடாது, தாளைத் திறந்து பார்க்க வேண்டும்.

க்ரோன்பாக்குக்கே இந்தப் புகழ் கூச்சமாக இருந்தது என்பதுதான் அழகு. இதே சூத்திரத்தின் ஒரு வடிவம் 1937-லேயே கூடர், ரிச்சர்ட்சன் இருவரின் கட்டுரையில் வந்துவிட்டது. அந்தக் கட்டுரையில் அது இருபதாவது சூத்திரம் என்பதால் அதன் பெயரே கே.ஆர்.-20! தன் பெயரை இதற்குச் சூட்டியது தனக்குச் சங்கடம் என்றும், தரவை ஆராய இதுவே சிறந்த வழி என்று தான் இப்போது நினைக்கவில்லை என்றும் கடைசிக் காலத்தில் அவர் எழுதினார். 2001-ல் இறந்துவிட்டார், கட்டுரை 2004-ல் வந்தது. யார் கேட்டார்கள்? ஆய்வேடுகளில் ஆல்ஃபா இன்னும் கொடிகட்டிப் பறக்கிறது.

எந்தெந்தக் கேள்விகள் கூட்டுச் சேர்கின்றன என்று பார்க்கிற காரணிப் பகுப்பாய்வில் இன்னொரு கூத்து. சில தாள்களில் வேண்டுமென்றே எதிர்மறையாகச் சில கேள்விகளைக் கலந்து வைப்பார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்க. மருந்தை மறந்துவிடுவதில்லை என்பதற்கு ஒருபோதும் இல்லை என்று பதில் வந்தால் மறந்தாரா, மறக்கவில்லையா? கேட்டவருக்கும் குழப்பம், சொன்னவருக்கும் குழப்பம். பகுப்பாய்வில் பார்த்தால் இந்த எதிர்மறைக் கேள்விகள் மட்டும் கைகோத்துத் தனி அணியாக நிற்கும். ஏதோ புதிய திறனைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சிலர் அதற்குப் பெயர்கூட வைத்துவிடுவார்கள். உண்மையில் அங்கே அளக்கப்பட்டது வாக்கியத்தின் சிடுக்கு.

இவ்வளவும் தேறிய பிறகும் ஒரு கேள்வி உறுத்துகிறது. சுயபராமரிப்பில் அந்தச் 'சுயம்' யார்? சுகர் உள்ளவர் மாமியார், சோறு வடிப்பது மருமகள், மாத்திரை அட்டையைப் படிப்பது எட்டாம் வகுப்புப் பேத்தி, இன்சுலினை ஏற்றிக் கொடுப்பது மகன். நீங்கள் உப்பைக் குறைத்தீர்களா என்றால், குறைத்தது யார்? ஓரம் இதை யோசிக்காமல் விடவில்லை, பிறரைச் சார்ந்திருப்பவரின் பராமரிப்புக்கு அவர் கோட்பாட்டில் இடமிருக்கிறது. ரீகலின் தாளுக்கும் பராமரிப்பவரிடம் கேட்பதற்கென்றே இத்தாலியின் எர்கோலே வெல்லோனேயும் மற்றவர்களும் ஒரு துணைத் தாள் செய்திருக்கிறார்கள். புதுக்கோட்டைக்கு இரண்டையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும் என்பேன். மாமியாரையும் மருமகளையும் தனித்தனித் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும், அது ரொம்ப முக்கியம். ஒரே திண்ணை என்றால் கிடைக்கும் தரவு வேறு ஆராய்ச்சிக்குத்தான் உதவும்.

கடைசிச் சுற்று, மறுபரீட்சை. அதே ஆட்களிடம் அதே கேள்விகளை இரண்டு வாரம் கழித்துக் கேட்டு, பதில் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. ரொம்பச் சீக்கிரம் போனால் போன தடவை சொன்னதை ஞாபகம் வைத்துச் சொல்வார்கள். ரொம்பத் தள்ளிப் போனால் வாழ்க்கையே மாறியிருக்கும். இரண்டு வாரம் பழக்கமான கணக்கு. ஆனால் காலண்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றைப் பங்குனியில் முடித்துவிட்டுச் சித்திரை பிறந்ததும் வடகாடு, கீரமங்கலம் பக்கம் போய் நின்றால், தெருமுனையெல்லாம் பலாப்பழம் அறுத்து வைத்திருப்பார்கள். பத்துச் சுளையில் எந்தக் கட்டுப்பாடும் கரைந்துவிடும். மதிப்பெண் இறங்கும், கேள்வித்தாள் நம்பகமில்லை என்று கணினி அடம்பிடிக்கும். மறுபரீட்சைத் தேதியை வைக்குமுன் அந்த ஊரில் என்னென்ன பழுக்கிறது, எங்கெங்கே திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள் என்று டீக்கடையில் விசாரித்துக்கொள்வது நல்லது.